பொருள்: உகுலேலே வாங்குவது குறித்து

நிர்மல் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். ஒரு பொருளை வாங்கலாமா வேண்டாமா என்று அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு வாய்விட்டுக் கேட்டான். வீட்டில் கேட்டிருந்தால் அம்மா வேண்டாம் என்றிருப்பாள், அதோடு முடிந்திருக்கும். டீக்கடையில் கேட்டிருந்தால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லியிருப்பார்கள், அவனும் நன்றாகக் குழம்பிவிட்டு வாங்கியிருப்பான். அவன் கேட்ட இடமோ காஞ்சிபுரம் இரட்டைப்பேட்டுப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம். அங்கே எட்டு வருடமாக இளநிலை எழுத்தராக இருக்கிறான். எட்டு வருடம் இருந்தும் இந்த விவரம் தெரியாமல் போனது அவன் குற்றமே தவிர, சங்கத்தின் குற்றம் ஆகாது.

அவன் கேட்ட பொருள் உகுலேலே. கிடாரைப் பார்த்திருப்பீர்கள். அதைத் துவைத்துப் போட்டு, அது சுருங்கிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். நாலே நரம்பு. கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிவைத்து வாசிக்கலாம். காஞ்சிபுரத்தில் அதற்கு யாரும் ஏங்கிக் கிடக்கவில்லை. நிர்மலும் ஏங்கவில்லை. வாய்தான் மாட்டிவிட்டது.

அவனுக்கு முப்பத்து மூன்று வயது. ஏழு வீடுகளில் பெண் பார்த்து, ஏழு வீட்டு பஜ்ஜியையும் சாப்பிட்டிருக்கிறான். "சொல்லி அனுப்புறோம்" என்ற ஏழு வீட்டாரும் இன்னும் சொல்லி அனுப்பவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தம்பிக்கு என்ன பொழுதுபோக்கு என்று கேட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அவன் "ஒண்ணும் இல்லீங்க" என்று உண்மையைச் சொன்னான். எட்டாவதாக, வாலாஜாபாத்தில் அரிசி வியாபாரம் செய்யும் மகாவீரன் வீட்டுக்குப் போனான். அவருடைய மகள் மதுமிதா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காபியைக் கொடுத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தவளைப் பார்த்ததும் நிர்மலுக்குப் பிடித்துப்போய்விட்டது. பிடித்துப்போனதால் பயம் வந்தது. அந்த நேரம் பார்த்து அவளே, "உங்களுக்கு என்ன ஹாபி?" என்று கேட்டாள். முந்தின நாள் போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் கடற்கரையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. "உகுலேலே வாசிப்பேங்க" என்றான். சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் திகைத்தான்.

மதுமிதா தரையைப் பார்த்தாள். மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு, "நான் பாடுவேன்" என்றாள்.

மகாவீரனுக்கு ஒரே சந்தோஷம். "அப்புறம் என்னபா? நிச்சயத்தன்னிக்கு மாப்ள வாசிக்கட்டும், பொண்ணு பாடட்டும். சபையே பாக்கட்டும்," என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எனக்கு ஒரே ஒரு விஷயந்தான் ஆகாது. பொய். போன மாசம் ஒரு பையன் வந்தான். உயரம் அஞ்சு எட்டுன்னான். வாசக்கால்ல நிக்க வச்சு டேப்பு புடிச்சுப் பாத்தேன். அஞ்சு ஆறு. குடிச்சுக்கினு இருந்த காபியைக்கூட முடிக்க விடல."

நிர்மல் கையிலிருந்த காபியை ஒரே மடக்கில் குடித்து முடித்தான்.

நிச்சயதார்த்தத்துக்கு முப்பது நாள் இருந்தது. அதற்குள் ஒரு உகுலேலே வாங்கி, ஒரே ஒரு பாட்டாவது கற்றுக்கொண்டாக வேண்டும். இல்லாவிட்டால் வாசக்கால், டேப்பு, பாதிக் காபி. நிர்மலுக்கு இந்தப் பெண்ணை விட மனசில்லை.

ஊரில் இருந்த இசைக்கருவிக் கடையில் விசாரித்தான். கடைக்காரர் நாதசுரத்துக்குச் சீவாளி தேடிக்கொண்டே, "வீணை குட்டி போட்டுச்சா?" என்று கேட்டார். பேர்பெற்ற கம்பெனிகளின் உகுலேலே போனில் தேடினால் கிடைத்தது. ஆனால் வந்து சேர நாற்பது நாள் ஆகும் என்றது. நாலே நாளில் வருகிற மாதிரி இருந்தது ஒன்றே ஒன்று. கம்பெனியின் பெயர் லுமாலு. யாருக்கும் தெரியாத பெயர். பதினொரு பேர் கருத்து எழுதியிருந்தார்கள். ஒருவர், "பெட்டி உறுதியாக இருக்கிறது, உள்ளே இருந்ததை இன்னும் பார்க்கவில்லை" என்றார். இன்னொருவர், "மூன்று விசில் வந்ததும் பருப்பு நன்றாக வேகிறது" என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். மற்ற ஒன்பது பேரும் ஒரே பெயரில் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள்.

இதை நம்பி வாங்கலாமா என்ற குழப்பத்தில்தான் அவன் பக்கத்து மேசை இந்திராணியிடம் கேட்டான். இந்திராணி சங்கத்தின் தர ஆய்வாளர். வருகிற சேலைகளை அளந்து, நூலைக் கொளுத்திப் பார்த்து, பட்டு அசலா போலியா என்று சொல்பவர்.

"அக்கா, லுமாலுன்னு ஒரு கம்பெனி. உகுலேலே பண்றாங்க. வாங்கினா நல்லா இருக்குமா?"

இந்திராணி வாயைத் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து மேலாளர் வேலாயுதத்தின் குரல் வந்தது. "என்னபா அது? என்ன கேட்ட?"

நிர்மல் எழுந்து நின்று விவரம் சொன்னான். வேலாயுதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஒரு கோப்பு பிறக்கப்போகிறது என்று அர்த்தம்.

"ஒரு பொருள் நல்லதா கெட்டதான்னு சொல்றதுக்கு நீயும் நானும் யாருபா? அதுக்குன்னு ஒரு முறை இருக்குது. இருபத்தாறு வருஷமா இந்த நாக்காலியில உக்காந்துக்கினு இருக்கேன். இதுவரைக்கும் எந்தப் பொருளைப் பத்தியும் நான் சொந்தமா அபிப்ராயம் சொன்னதில்ல. அதனாலதான் என் மேல ஒரு புகாரும் கெடையாது."

"சார், இது என் சொந்த உபயோகத்துக்கு."

"சொந்த உபயோகம்னா சொந்த இடத்துல கேக்கணும். ஆபீஸ்ல கேட்டுட்ட. கேள்வி பதிவாயிடுச்சு."

"அப்ப கேள்வியைத் திரும்ப வாங்கிக்கறேன் சார்."

"பதில் வந்தப்புறந்தான் கேள்வியைத் திரும்ப வாங்க முடியும். அதுக்கு நடுவுல நீ வேற எங்கனா போய் வாங்கினன்னு வச்சுக்க, விசாரணையை அவமதிச்சதா ஆயிடும். வேலைக்கே ஆபத்து. கல்யாணம் பண்ணப்போற பையன், பாத்துக்க."

வேலை இல்லாத மாப்பிள்ளையை மகாவீரன் டேப்பு எடுக்காமலே அனுப்பிவிடுவார். நிர்மல் உட்கார்ந்தான். கோப்பு திறக்கப்பட்டது. பொருள் என்ற இடத்தில், 'உகுலேலே, அறியப்படாத வகை, வாங்கலாமா, குறித்து' என்று அவனே தன் கையால் எழுத வேண்டியிருந்தது. அலுவலகத்தில் அவன் கையெழுத்துதான் அழகு.

கோப்புக்கு ஒரு மாதிரி தேவைப்பட்டது. பார்க்காத பொருளைப் பற்றி முடிவெடுப்பது அநியாயம் என்றார் வேலாயுதம். அவரே அனுமதித்ததால் நிர்மல் சந்தோஷமாக லுமாலுவுக்கு ஆர்டர் போட்டான். சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகலாம், காலையில் கொண்டுவந்து கோப்புக்குக் காட்டலாம் என்பது அவன் கணக்கு. எட்டாம் நாள் பெட்டி சங்கத்து வாசலுக்கு வந்தது. வாசலைத் தாண்டி உள்ளே வரும் எந்தச் சரக்கும் இருப்புப் பதிவேட்டில் ஏறாமல் நகரக் கூடாது. இந்திராணி பதிவேட்டைத் திறந்தார். அதில் அச்சடித்திருந்த கட்டங்கள் நான்கு. சேலை, வேட்டி, அங்கவஸ்திரம், துண்டு.

"துண்டுன்னு போட்டுடுங்கக்கா. சின்னதாத்தான இருக்குது," என்றான் நிர்மல்.

இந்திராணி உகுலேலேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. "ரெண்டு பக்கமும் பார்டர் இருக்குதேபா. துண்டுன்னு எழுதினா ஆடிட்ல கேப்பாங்க," என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, 'சேலை 1' என்று எழுதினார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இந்திராணி நல்ல மனுஷி. கட்டம்தான் நான்கே நான்கு.

சேலையாகிவிட்டதால் அது சங்கத்தின் சரக்கானது. சரக்கானதால் அலமாரிக்குள் போனது. அலமாரிச் சாவி வேலாயுதத்தின் இடுப்பில் இருந்தது. நிர்மல் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டே மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டான். வீட்டில் ஒரு மரஸ்கேலில் நாலு கோடு கிழித்து, வீடியோவைப் பார்த்து அதன்மேல் விரலை வைத்துப் பழகினான். அம்மா குணமாலா அதைப் பார்த்துவிட்டு, "கைக்கு என்னபா ஆச்சு?" என்று கேட்டு விளக்கெண்ணெய் தடவினாள்.

தர நிர்ணயக் குழு கூடுவதற்குப் பதினெட்டாம் நாள் ஆனது. காரணம், சங்கத் தலைவர் பரசுராமன் ஓய்வாக இல்லை. அவர் பக்கத்துக் கிராமத்தில் நெல் விளைவிக்கிறவர். கட்சியிலும் இருப்பவர். இரண்டு காதுகுத்து, ஒரு மஞ்சள் நீராட்டு, ஒரு குடிநீர்த் தொட்டித் திறப்பு ஆகியவற்றை முடித்துக்கொண்டு வந்தார். வந்ததும் மேசைமேல் கிடந்த உகுலேலேயைப் பார்த்து வணக்கம் வைத்தார். பழக்க தோஷம். பிறகு உரையாற்றினார்.

"எனக்குத் தறி தெரியாது. பட்டு தெரியாது. பாட்டும் தெரியாது. எதுவும் தெரியாத ஆளு எல்லாருக்கும் பொதுவா இருப்பாருன்னுதான் என்னை ஏகமனதா தேர்ந்தெடுத்தீங்க. அந்த நம்பிக்கையை நான் இன்னிக்கு வரைக்கும் காப்பாத்திக்கினு வரேன். ஒண்ணும் கத்துக்கல. இனிமேலும் கத்துக்க மாட்டேன்னு இந்த இடத்துல சொல்லிக்கறேன்."

குழுவில் அவரையும் சேர்த்து மூன்று பேர்தான். மற்ற இரண்டு பேரும் கை தட்டினார்கள். நிர்மல் நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்ததால் தட்டவில்லை. கைதட்டல் என்று எழுதினான்.

இந்திராணி அளவு நாடாவை எடுத்தார். "நீளம் அம்பத்தி மூணு சென்டிமீட்டர் சார். நம்ம சேலை ரவிக்கையோட ஆறேகால் மீட்டர். இது ரொம்பக் குறையுது."

"முந்தி?"

"முந்தி இல்ல சார்."

"அந்தப் பக்கம் திருப்பிப் பாரும்மா."

திருப்பிப் பார்த்தார். அந்தப் பக்கமும் முந்தி இல்லை. தலைகீழாகப் பிடித்து உதறினார். முந்தி விழவில்லை.

"நடுவுல என்னம்மா அது, ஓட்டையா?" என்றார் வேலாயுதம்.

"ஆமா சார். எலியா இருக்கும்னு பாத்தேன். எலி இவ்ளோ வட்டமா கடிக்காது."

நிர்மலால் பொறுக்க முடியவில்லை. "சார், அது வழியாத்தான் சார் சத்தம் வரும்."

வேலாயுதம் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "நிர்மலு, சங்கம் ஆரம்பிச்சதுல இருந்து சத்தம் வர்ற சேலையை நாம எடுத்ததில்லபா. குறிப்புல எழுதாத, விட்டுடு. உனக்குத்தான் கெட்ட பேரு."

அடுத்தது நெருப்புச் சோதனை. பட்டு ஊரில் இதைத் தெரியாதவர் இல்லை. நூலில் ஒரு துண்டைக் கொளுத்தினால், அசல் பட்டாக இருந்தால் முடி பொசுங்குகிற வாசனை வந்து சாம்பலாக உதிரும். போலியாக இருந்தால் உருகி உருண்டையாகிவிடும். உகுலேலேயின் தலைப்பகுதியில் நரம்பின் நுனிகள் நீட்டிக்கொண்டிருந்தன. இந்திராணி கத்தரிக்கோலால் நாலிலும் ஒரு நுனி வெட்டி, தீக்குச்சி கிழித்தார். நாலும் உருகின. நாலும் உருண்டையாயின. இந்திராணி முகர்ந்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நைலான் சார்."

"நைலானா," என்றார் தலைவர். பட்டு தெரியாதவர்தான். ஆனால் நைலான் என்றால் செய்தித்தாளில் வரும் என்பது தெரியும்.

வேலாயுதத்துக்கு வியர்த்தது. "பதிவேட்டுல சேலைன்னு இருக்குது. சோதனையில நைலான்னு வருது. நம்ம அலமாரியில போலிச் சேலை இருந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா, இத்தினி வருஷத்துப் பேரு போயிடும் தலைவரே."

"திருப்பி அனுப்பிடலாம் சார். ஏழு நாள்ல ரிட்டர்ன் எடுத்துப்பாங்க," என்று நிர்மல் சொல்லிப் பார்த்தான். அந்த ஏழு நாள் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அப்போது இந்திராணி மறுபடி எழுந்து, நரம்புகளின் மேல் விரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினார். அவர் முகம் தெளிந்தது. "சார், இங்க பாருங்க. நீளவாக்குல நாலு இழை இருக்குது. பாவு போட்டிருக்கான். குறுக்கால ஒரு இழைகூட இல்ல. ஊடையே ஓட்டல. இது இன்னும் நெய்யவே இல்ல சார்."

தறியைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நீளத்தில் கட்டியிருப்பது பாவு. அதன் குறுக்கே ஓடுவது ஊடை. பாவு மட்டும் இருந்தால் அது துணி ஆகாது. நெய்ய வேண்டியது பாக்கி என்று அர்த்தம். குழுவுக்கு உயிர் வந்தது. நீளம் ஏன் குறைகிறது, முந்தி ஏன் இல்லை, ஓட்டை ஏன் இருக்கிறது, எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. பொருளில் குறை இல்லை. பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான். 'நைலான் பாவை அகற்றி அசல் பட்டுப் பாவு கட்டி, ஊடை ஓட்டி, சரக்கை முடித்துப் பெற்ற பிறகு, வாங்கலாமா என்பதைப் பரிசீலிக்கலாம்' என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. நிர்மல் அதைத் தன் அழகான கையெழுத்தில் எழுதினான். எழுதும்போது ஒரு இடத்தில் மை கலங்கிப்போனதற்குக் கண்ணீர் காரணம் இல்லை என்றுதான் அவன் இன்றுவரை சொல்கிறான்.

உகுலேலே ஐயம்பேட்டையில் பொன்னியம்மாளிடம் போனது. சங்கத்தின் உறுப்பினர்களில் கைவேலைக்குப் பேர்போனவர். அது போன மூன்றாம் நாள் நிர்மல் ஷேர் ஆட்டோ பிடித்து அங்கே ஓடினான். பொன்னியம்மாள் உகுலேலேயைத் தறிக்குப் பக்கத்தில் பலகைமேல் படுக்கவைத்து, ஊசியில் பட்டு கோத்து வைத்திருந்தார்.

"ஏம்மா, இது பாட்டு வாசிக்கறதும்மா," என்றான் நிர்மல்.

"தெரியும்பா. டிவியில பாத்திருக்கேன். எங்க வூட்டுல கைக்குழந்தைக்கே தெரியும்."

"அப்புறம் ஏம்மா நெய்யறீங்க?"

"சீட்டு வந்துடுச்சேபா. நெய்யலன்னா அடுத்த பாவு தரமாட்டாங்க. போன வருஷம் ஒரு சீட்டுல சேலைக்கு மூணு பார்டர்னு தப்பா எழுதிட்டாங்க. அதையும்தான் நெய்ஞ்சு குடுத்தேன். மூணாவது பார்டரை எங்க வச்சேன்னு என்னைக் கேக்காத." அவர் ஊசியை நரம்புகளுக்கு ஊடே மேலும் கீழுமாக நுழைத்து இழுத்தார். "நீ ஒண்ணு பண்ணு. மேனேஜர்கிட்ட எழுதி வாங்கியா, நெய்ய வேணாம்னு. நான் இப்பவே நிறுத்திடறேன்."

நிர்மல் வேலாயுதத்திடம் போனான். நெய்வதை நிறுத்தலாமா என்பது புதிய கேள்வி, அதற்குப் புதிய கோப்பு திறக்க வேண்டும் என்று வேலாயுதம் சொன்னார். நிர்மல் இந்த முறை சுதாரித்துக்கொண்டான். கேட்கவே இல்லை சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

இருபத்தொன்பதாம் நாள் உகுலேலே திரும்பி வந்தது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அழகாக இருந்தது. ஓரத்து இரண்டு நரம்பும் பேட்டு என்கிற அரக்கு பார்டர், நடுவில் இரண்டு நரம்பும் கிளிப்பச்சை உடல். மேலிருந்து கீழ்வரை நெருக்கமான நெசவு. ஓட்டைக்கு மேலே வரும் இடத்தில் விரல்கடை அகலத்துக்கு ஜரிகை ஓட்டி ஒரு முந்தியும் வைத்திருந்தார் பொன்னியம்மாள். நாலே இழையில் இரட்டைப்பேட்டு நெய்ததை இந்திராணி கண் கலங்கப் பார்த்தார். நூலைக் கொளுத்தினார். சாம்பலாக உதிர்ந்தது. 'அசல் பட்டு, குறை இல்லை' என்று சங்கத்து முத்திரை விழுந்தது.

நிர்மல் விரலால் மீட்டிப் பார்த்தான். தலையணையைத் தட்டியது போல் தொப் என்றது. இன்னொரு முறை மீட்டினான். இன்னொரு தொப்.

மறுநாள் காலை வாலாஜாபாத்தில் மண்டபம். காஞ்சிபுரத்தில் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கிறவர்கள் நாலைந்தைப் பார்வைக்கு என்று வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டிவிட்டு, பிடித்ததை வைத்துக்கொள்வது வழக்கம். உகுலேலேயும் சேலைதான் என்பதால் அதே வழியில், 'பார்வைக்கு, நிச்சயச் சேலை 1' என்று சீட்டு போட்டுச் சங்கத்திலிருந்து வெளியே வந்தது. கூடவே வேலாயுதமும் கோப்போடு வந்தார். வாங்கலாமா என்ற கேள்விக்கு எதிரே, சம்பந்தப்பட்டவர் கருத்து என்ற கடைசிக் கட்டம் இன்னும் காலியாக இருந்தது. அதை நிரப்பினால்தான் கோப்பு மூடும். தலைவரும் வந்தார். மேடை இருக்கிற இடம் அவருக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

சீட்டில் நிச்சயச் சேலை என்று இருந்ததால், அது சேலைத் தட்டில்தான் போக வேண்டும் என்று வேலாயுதம் பிடிவாதம் பிடித்தார். குணமாலா முன்பே எடுத்துவைத்த மாம்பழக் கலர் சேலை ஒரு தட்டில், பூவும் மஞ்சளும் சூழ உகுலேலே ஒரு தட்டில். பெண்ணின் அத்தை இரண்டு தட்டையும் வாங்கிக்கொண்டு, "எதைம்மா கட்டிக்கினு வரணும்?" என்று கேட்டாள். நல்ல வேளையாக மதுமிதா சரியானதைக் கட்டிக்கொண்டு வந்தாள். மற்றதைக் கையில் பிடித்திருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இந்த லுமாலுவை முப்பது நாளைக்கு முன்னாடி யாருக்கும் தெரியாது. எங்க சங்கம் கையில எடுத்துச்சு. இன்னிக்கும் யாருக்கும் தெரியாது. ஆனா கோப்புல இருக்குது. மனுஷன் போயிடுவான், கோப்பு நிக்கும். மணமக்களும் அந்த மாதிரி நிக்கணும்னு வாழ்த்தி அமர்றேன்."

மகாவீரன் முன் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். "வாசிங்க மாப்ள."

மண்டபம் அடங்கியது. நிர்மல் மதுமிதாவிடமிருந்து உகுலேலேயை வாங்கிக்கொண்டான். இந்த முப்பது நாளில் அவன் உண்மையான நரம்பின்மேல் விரல் வைத்தது நேற்று இரண்டே முறை. எழுந்து நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, வாசக்கால் எங்கே என்று கேட்டுவிடலாமா என்று தோன்றியது. மதுமிதா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மல்லிப்பூ வாசனை வந்தது. ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மீட்டினான்.

தொப்.

இன்னும் நாலு முறை மீட்டினான். தொப், தொப், தொப், தொப். பின்வரிசையில் யாரோ, மைக் ஆப் ஆயிடுச்சா என்று கேட்டார்கள். மகாவீரன் எழுந்து வந்தார். குனிந்து உகுலேலேயை உற்றுப் பார்த்தார்.

"சத்தம் வரலியே மாப்ள."

நிர்மல் வாயைத் திறந்தான். அதற்குள் வேலாயுதம் கோப்போடு முன்னால் வந்துவிட்டார். "எப்படிங்க குறை சொல்லுவீங்க? இங்க பாருங்க. தர நிர்ணயக் குழு, தீர்மானம், சோதனை, சான்று. அசல் பட்டு. குறை இல்லை. கீழ முத்திரை."

மகாவீரன் முத்திரையைத் தொட்டுப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அரிசி மூட்டையின் மேல் ஆயிரம் முத்திரை பார்த்தவர். அவர் முகம் மெல்ல இளகியது. "அதானே. சங்கம் பொய் சொல்லுமா? பொருள்ல குறை இல்லன்னா, வாசிச்சதுலயும் குறை இல்ல. நமக்குத்தான் இந்த மாதிரி சங்கீதம் கேட்டுப் பழக்கம் இல்ல." அவர் கைதட்ட, மண்டபமே கைதட்டியது. பிறகு மகளிடம் திரும்பினார். "நீ பாடும்மா."

மதுமிதா மடியைப் பார்த்தாள். மேலே மின்விசிறியைப் பார்த்தாள். "சுருதி கேக்காம எப்படிப்பா பாடறது?" என்றாள்.

"அதுவும் நியாயந்தான்," என்றார் மகாவீரன். "சாப்பாட்டைப் போடச் சொல்லு."

கூட்டம் பந்திக்கு நகர்ந்தது. நிர்மல் நகரவில்லை. எல்லாரும் தப்பவிட்டாலும் இவளை ஏமாற்ற முடியாது, இவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். "மதுமிதா, ஒரு விஷயம். எனக்கு இதை வாசிக்கவே தெரியாது. அன்னிக்குப் பயத்துல சொல்லிட்டேன்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. துக்கத்தில் வந்ததில்லை என்று அடுத்த வார்த்தையில் தெரிந்தது. "எனக்குப் பாடத் தெரியாதுங்க. நீங்க பாட்டுக்கு ஏதோ பேர் சொன்னீங்களா, நான் ஒண்ணுமில்லன்னு சொன்னா நல்லா இருக்காதேன்னு வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன். ஸ்கூல்ல ப்ரேயர் பாடினாக்கூட பசங்க சிரிப்பாங்க. முப்பது நாளா நான் தூங்கல."

அப்போது வேலாயுதம் இருவருக்கும் நடுவில் கோப்பை நீட்டினார். பேனாவைத் திறந்து கொடுத்தார். "நிர்மலு, பந்திக்குப் போறதுக்கு முன்னாடி இதை முடிச்சுடுபா. கடைசிக் கட்டம். வாங்கலாமா, வேணாமா? ஒரு வார்த்தையில எழுது."

நிர்மல் பேனாவை வைத்துக்கொண்டு மதுமிதாவைப் பார்த்தான். "என்னங்க எழுதட்டும்?"

மதுமிதா உகுலேலேயை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, நரம்பை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

"இதையே வாங்கிடுங்க," என்றாள். "வேற எந்தக் கம்பெனின்னாலும் சத்தம் வந்துடும்."